தீவனம் வேறு, தீவன விதை வேறு



புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆடோ மாடோ இல்லாத உழவர் வீடு அரிது. திருமயம், பொன்னமராவதி, இலுப்பூர், விராலிமலை வட்டாரங்களில் மானாவாரி நிலத்தின் வருமானம் ஏறக்குறைய ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. மழை குறைந்த ஆண்டில் தஞ்சைப் பக்கத்து வைக்கோலை விலை கொடுத்து வாங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. ஆகவே மேட்டு நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் முயல் மசாலும் போடுங்கள் என்று பயிற்சிகளில் சொல்லி வருகிறோம். சொன்னவுடன் உழவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "விதை எங்கே கிடைக்கும்?" என்பதுதான்.

நியாயமான கேள்வி. நெல் விதையும் கடலை விதையும் கிடைப்பது போலத் தீவன விதை எளிதில் கிடைப்பதில்லை. தேவை இருந்தும் பொருள் இல்லாத இடத்தில், அந்தப் பொருளை விளைவிப்பவருக்கு வருமானம் உண்டு. கால் ஏக்கர் அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு உழவரும் இதில் இறங்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். தீவனத்துக்காக வளர்த்த பயிரில் மிச்சமாகக் கிடைப்பது விதை அன்று. விதைப் பயிர் முதல் நாளிலிருந்தே தனிப் பயிர்.

ஒரு முறை உழவர் ஒருவர் அரை மூட்டைக் கொழுக்கட்டைப்புல் விதையைக் கொண்டுவந்து காட்டினார். நன்றாக உலர்த்திச் சுத்தமாகவே வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு மணிகளை எடுத்து மேல் சுணையை நீக்கி நகத்தால் கீறிப் பார்த்தோம். இரண்டில்தான் அரிசி இருந்தது. மற்றவை பொக்கு. மாட்டுக்கு அறுத்தது போக மீதி நின்ற பயிரில், கதிர் பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் உருவியிருக்கிறார். உழைப்பில் குறைவில்லை. காலமும் முறையும் தவறிவிட்டன. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

விதைப் பயிர் எதில் வேறுபடுகிறது?

தீவனத்துக்கு இலையும் இளந்தண்டும் வேண்டும். ஆதலால் பூக்கும் தருணத்தில் அறுத்துவிடுகிறோம். விதைக்கோ, பூத்து, மணி பிடித்து, முற்றி, உலரும் வரை பயிர் நிற்க வேண்டும். அத்துடன், நெல்லைப் போலப் பல நூறு ஆண்டுகளாக மனிதன் தேர்ந்தெடுத்துப் பழக்கிய பயிர்கள் அல்ல இவை. காட்டுப் புல்லின் குணம் இன்னும் போகவில்லை. அதனால் மூன்று தொல்லைகள் உண்டு.

முதலாவது, கதிர்கள் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. ஒரு தூரிலேயே ஒரு கதிர் முற்றி உதிரும்போது அடுத்தது அப்போதுதான் பூக்கும். இரண்டாவது, முற்றிய விதை செடியில் நிற்காமல் உதிரும். மூன்றாவது, அறுத்த விதை உடனே முளைப்பதில்லை. புல் விதைக்கு உறக்க காலம் உண்டு. மசால் விதைக்குத் தோல் கடினம். இம்மூன்றையும் அறிந்து செயல்படுவதே தீவன விதை உற்பத்தியின் சாரம்.

பிற இடங்களின் அனுபவம்

சிறு உழவர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நம்மைவிட மழை குறைந்த ஆந்திராவின் அனந்தபுரம் மாவட்டத்தில், முயல் மசாலைச் சேர்ந்த ஹமாட்டா என்னும் இனத்தை விதைக்காகவே உழவர்கள் பயிரிட்டு வந்துள்ளனர். தரையில் உதிர்ந்த விதையைத் துடைப்பத்தால் கூட்டி, புடைத்து, சலித்து எடுப்பது அவர்கள் முறை. தாய்லாந்தின் வடகிழக்கே உபோன் ராட்சதானி வட்டாரத்துச் சிறு உழவர்கள் கினியாப்புல்லின் கதிர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, வலைத் துணியில் நாள்தோறும் தட்டி, அன்றன்று முற்றியதை மட்டும் சேர்க்கிறார்கள். வேலை அதிகம்தான். ஆனால் குடும்பத்தாரின் கைகளே முதலீடாக உள்ள சிறு பண்ணைக்கு அது பொருந்துகிறது.

நம் மாவட்டத்திலேயே வம்பனில் உள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட உளுந்து இரகங்கள் வம்பன் என்ற பெயரோடு தமிழகம் முழுவதும் சென்றுள்ளன. 2016இல் வெளிவந்த வம்பன் 8 அவற்றில் ஒன்று. பயறு விதைப் பண்ணை வைத்துப் பழகிய உழவர்கள் இங்கு உள்ளனர். கலவன் பிடுங்குவதும் ஈரப்பதம் பார்ப்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. அந்த அனுபவம் தீவன விதைக்கும் உதவும்.

விதைப்பதற்கு முன்

வாங்குபவர் யார் என்பதை விதைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை, பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறை, பால் கூட்டுறவுச் சங்கங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், விதை வணிகர் ஆகியோரிடம் எந்தப் பயிர், எவ்வளவு, என்ன தரத்தில் தேவை என்று கேட்டறியுங்கள். 2021-22இல் திருத்தியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தில் தரமான தீவன விதை உற்பத்திக்கு உதவி சேர்க்கப்பட்டது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை அருகிலுள்ள கால்நடை உதவி மருத்துவரிடம் விசாரியுங்கள்.

மூல விதையைச் சந்தையில் வாங்காதீர்கள். சான்று விதை எடுக்க வேண்டுமானால் வெள்ளை அட்டை கட்டிய ஆதார விதையிலிருந்துதான் எடுக்க முடியும். பையின் அட்டையையும் வாங்கிய ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். அரசு அறிவிக்கை செய்த இரகங்களுக்கே சான்று பெற முடியும். விதைத்த 35 நாட்களுக்குள், அல்லது பூப்பதற்கு 15 நாட்களுக்கு முன்பாக, இவற்றில் எது முன்னதோ அதற்குள் விதைச்சான்று அலுவலகத்தில் விதைப்பு அறிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். அலுவலர் வயலாய்வு செய்து, விதை ஆய்விலும் தேறிய பிறகே நீல அட்டை கிடைக்கும்.

பயிர் விலகு தூரத்தையும் முன்கூட்டியே பாருங்கள். தட்டைப்பயறு தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். சான்று விதைக்கு 5 மீட்டர் போதும். பலமுறை அறுக்கும் கோ.எப்.எஸ். 29 போன்ற தீவனச் சோளத்துக்கு மற்றச் சோள வயலிலிருந்து 100 மீட்டர் வேண்டும். அரை ஏக்கர் உழவரைச் சுற்றி 100 மீட்டர் என்பது நான்கு பேர் நிலம். அந்த நான்கு பேரும் சேர்ந்து ஒரே இரகத்தைப் போட்டால்தான் சோள விதை எடுக்க இயலும். தனியாகத் தொடங்குபவர் கீழே சொல்லும் மூன்று பயிர்களில் தொடங்குவது நல்லது.

கொழுக்கட்டைப்புல்

சரளை கலந்த செம்மண்ணிலும் வறட்சியிலும் நிலைத்து நிற்கும் பல்லாண்டுப் புல் இது. காங்கேயம், தாராபுரம் பகுதிக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்ந்து வருவது கொழுக்கட்டைப்புல் வகைகளில்தான். நமக்கு ஏற்ற இரகம் கோ 1.

ஆடியிலோ புரட்டாசியிலோ மழை பார்த்து விதைக்கலாம். ஏக்கருக்கு 2½ முதல் 3 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 50 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விடவும். விதை இலேசானது, காற்றில் பறக்கும். ஈர மணலுடன் பிசறித் தூவி, மேலாக மூடினால் போதும். ஆழம் ஒரு செ.மீ.க்கு மேல் போனால் முளை மேலே வராது. அடியுரமாக ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, பொட்டாஷ் 13 கிலோ இடவும். விதைப் பயிருக்கென ஒதுக்கிய நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவதைத் தவிர்ப்பது நல்லது. புழுக்கையோடு வரும் களை விதைகள் பின்னால் புல் விதையோடு கலந்து பிரிக்க முடியாமல் போகும்.

முதலாண்டில் விதைக்கு அவசரப்படாமல் புல் தூர்கட்டி நிலைகொள்ள விடுங்கள். தீவனமாக அறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டு முதல் விதைக்கு விடலாம். நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். கதிர் முற்றும் சமயம் மழையில் மாட்டினால் விதை உதிர்ந்தும் கறுத்தும் போகும். எனவே ஐப்பசி இறுதியில் அல்லது கார்த்திகைத் தொடக்கத்தில் தரைக்கு மேல் ஒரே உயரத்தில் கடைசி அறுப்பு அறுத்து, ஏக்கருக்கு 22 கிலோ யூரியா மேலுரமிட்டு விட்டுவிடுங்கள். ஒரே நாளில் அறுத்த பயிர் ஓரளவு ஒன்றாகக் கதிர்விடும். மழை ஓய்ந்த மார்கழி, தை நாட்களில் மணி முற்றும். கடைசி அறுப்புக்குப் பின் ஒரு நாளும் ஆடு உள்ளே நுழையக்கூடாது. வேலி இல்லாதவர் இப்பயிரில் இறங்க வேண்டாம்.

முற்றியதை அறியும் வழி எளிது. கதிரை இரு விரல்களுக்கிடையே மெல்ல உருவுங்கள். இழுக்காமலேயே மணி கையோடு வந்தால் முற்றியது. இழுத்தும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சுணையை நீக்கி உள்ளே கெட்டியான அரிசி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை, மடியில் துணி கட்டிக்கொண்டு, முற்றியதை மட்டும் உருவ வேண்டும். காலைப் பனி காய்ந்தபின் தொடங்குவது நல்லது.

உருவிய விதையைக் குவித்து வைத்தால் சூடேறி முளைத்திறன் கெடும். அன்றே நிழலில் மெல்லிய பரப்பாக உலர்த்தி, இரண்டொரு முறை கிளறிவிடுங்கள்.

முயல் மசால்

புல்லுக்கு இணையான பயறுவகைத் தீவனம் இது. காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் நிலைநிறுத்துவதால் நிலமும் வளம் பெறும். தாயகம் தென் அமெரிக்கா. வறண்ட, வளம் குறைந்த மண்ணிலும் வரும்.

ஏக்கருக்கு 2½ கிலோ விதை, 30க்கு 15 செ.மீ. இடைவெளி. அடியுரம் யூரியா 17 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, பொட்டாஷ் 10 கிலோ. மணிச்சத்தைக் குறைக்காதீர்கள். காய்ப்புக்கு அது தேவை.

விதைத் தோல் கடினமாதலால் விதை நேர்த்தி அவசியம். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பின், அதாவது 80 டிகிரி அளவில், விதையைப் போட்டு 4 நிமிடம் வைத்து வடித்துவிடுங்கள். பிறகு ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊற வைத்து நிழலில் உலர்த்துங்கள். அடுப்பில் இருக்கும்போதே விதையைப் போட்டால் வெந்துவிடும். உலர்ந்த விதையை ஆறிய கஞ்சியில் கலந்த ரைசோபியத்துடன் சேர்த்து உடனே விதைக்க வேண்டும். விற்பனைக்குரிய விதைக்கு இந்த வெந்நீர் நேர்த்தி செய்யக்கூடாது. அது வாங்குபவர் விதைப்பதற்கு முன் செய்ய வேண்டியது. அதைப் பையோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

மழை நின்றபின் பூத்துக் காய்க்கும். அடிக் காய்கள் பழுத்து உதிரத் தொடங்கும்போது மேலே பூ இருக்கும். பெரும்பகுதிக் காய்கள் பழுப்பான சமயத்தில், காலை ஈரம் இருக்கும்போதே செடியை அறுத்துத் தார்ப்பாயில் போட்டு உலர்த்தித் தட்டி எடுக்கலாம். வயலில் உதிர்ந்ததையும் விடாதீர்கள். பூப்பதற்கு முன் வரிசையிடையே களையெடுத்துத் தரையைச் சமன்படுத்தி வைத்திருந்தால் கூட்டி எடுக்கலாம். நம் மண்ணில் சரளை மிகுதி. விதையளவு சரளை தூற்றினாலும் போகாது. ஆகவே கூட்டிய விதையைத் தனியே வைத்து, இருவகைச் சல்லடையில் சலித்து, முறத்தில் புடைத்த பிறகே செடியில் எடுத்த விதையோடு சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

தீவனத் தட்டைப்பயறு

கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்களுக்கு ஏற்றது. தை, மாசிப் பட்டத்தில் விதைத்தால் வெயிலில் காய் முற்றும். தீவனத்துக்கு 50 முதல் 55 நாட்களில் அறுக்கும் பயிரை விதைக்காக முற்றும் வரை விட வேண்டும். தீவனத்துக்கு 30 செ.மீ. வரிசை என்றால் விதைக்கு 45 செ.மீ. விடவும். நெருங்கினால் கொடி படர்ந்து காய் குறையும்.

பூக்கும் சமயத்திலும் அதற்கு 15 நாள் கழித்தும் இரண்டு சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கவும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை 20 லிட்டர் நீரில் ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் எடுத்து 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். பூ நிறம், இலை வடிவம், கொடியின் போக்கு மாறியுள்ள கலவன்களையும், தேமல் கண்ட செடிகளையும் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.

காய்ந்த காய்களை இரண்டு மூன்று பறிப்பில் எடுக்கவும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடும். ஆகவே பறித்த காயைத் தேக்கி வைக்காமல் உலர்த்தி அடித்து, ஈரப்பதம் 9 சதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 100 கிலோ விதைக்கு ஒரு கிலோ கிளர்வூட்டப்பட்ட களிமண் தூள் கலந்து வைத்தால் வண்டு தாக்காது. சான்று பெற இதற்கு 75 சத முளைப்பு வேண்டும்.

சுத்தமும் முளைப்பும் – ஒரு கணக்கு

கொழுக்கட்டைப்புல்லுக்குச் சான்று பெறக் குறைந்த அளவு முளைப்பு 30 சதம், சுத்தம் 80 சதம். பொக்கு கலந்து வருவது புல்லின் இயல்பாதலால் இந்த அளவு வைத்துள்ளனர். 30 சதத்தோடு நின்றுவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

இரு உழவர்களின் விதையை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் விதையில் 100 கிலோவுக்கு 80 கிலோ சுத்தமான விதை, அதில் 60 சதம் முளைக்கும். அதாவது உண்மையில் பயிராவது 48 கிலோ. இரண்டாமவர் விதையில் 60 கிலோ சுத்தம், அதில் 20 சதம் முளைப்பு. பயிராவது 12 கிலோ. முதல் விதையில் ஒரு கிலோ செய்யும் வேலையை இரண்டாவதில் நான்கு கிலோதான் செய்யும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் இரண்டாவது விதையே வாங்குபவருக்கு இரு மடங்கு செலவு.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். எடுப்பெடுப்பாக எண்ணாமல் நூறு விதைகளை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துப் பத்து நாள் கழித்து எண்ணுங்கள். முயல் மசாலில் முளைக்காத விதையை விரலால் நசுக்கிப் பாருங்கள். கூழானால் செத்தது. கல் போல் இருந்தால் கடின விதை, வெந்நீர் நேர்த்திக்குப் பிறகு முளைக்கக்கூடியது.

காத்திருக்கும் காலம்

தையில் எடுத்த கொழுக்கட்டைப்புல் விதையை உடனே சோதித்தால் முளைப்பு மிகக் குறைவாகவே காட்டும். மனம் தளர வேண்டாம். ஆறு முதல் எட்டு மாதம் உறக்கம் நீங்கும் காலம். ஆடி, புரட்டாசியில் அதே விதை முளைக்கும். விதைப்புக் காலமும் அதுவே. ஆனால் அதுவரை பணம் கைக்கு வராது என்பதைச் சிறு உழவர் கணக்கில் வைக்க வேண்டும். அதனால்தான் முழு நிலத்தையும் புல்லுக்கே ஒதுக்க வேண்டாம் என்கிறோம். மேட்டில் புல்லும் முயல் மசாலும், கிணற்றடியில் தட்டைப்பயறு என்று பிரித்தால் பயறு விதையின் பணம் முதலில் வரும், புல் விதை பொறுமையாக இருக்கும்.

துணிப்பையில் கட்டி, மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். உரம், பூச்சி மருந்து உள்ள அறையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு பையிலும் பயிர், இரகம், எடுத்த மாதம் எழுதுங்கள். சான்று விதையின் செல்லுகாலம் ஆய்வு செய்த நாளிலிருந்து 9 மாதம். 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி உழவர் தம் விதையை வணிகப் பெயரில்லாமல் விற்கத் தடையில்லை. பெயரிட்டுப் பையிலடைத்து வணிகமாக விற்பதற்கு 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் வேண்டும்.

உழவர்களே, நம் மானாவாரி நிலத்துக்கு ஆண்டில் நம்பிக்கையான மழை ஒன்றுதான். உங்களிடம் விதை வாங்கிய உழவர் அந்த ஒரு மழைக்கு அதை விதைக்கிறார். முளைக்கவில்லையென்றால் விதைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், போன மழையை யாரும் திருப்பித் தர முடியாது. அவர் வீட்டு ஆடுகள் அடுத்த மழை வரை காய வேண்டியதுதான். அதை நினைவில் வைத்து, முற்றாத கதிரைத் தொடாமல், சோதிக்காத பையைக் கட்டாமல் விதை கொடுங்கள். அப்படிக் கொடுப்பவரைத் தேடி மறு ஆண்டும் ஆள் வரும்.

இவ்வாண்டு கால் ஏக்கரில் தொடங்குங்கள். கைப்பழக்கம் வந்தபின் பரப்பைக் கூட்டிக்கொண்டு பயன் பெறுங்கள்.